மூன்று மில்லிமீட்டர் வெள்ளை

பிப்ரவரி 6, செவ்வாய்

மனைவி உலகம்மையைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய்வந்தேன். கார்த்திகையிலிருந்து அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுக் கஷாயம், உப்புத் தண்ணீர், உள்ளூர் டாக்டர் கொடுத்த இரண்டு சுற்று மாத்திரை, எதற்கும் அடங்கவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பேசுவதுதான் அவள் வேலை. எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது, எந்த ஜவுளிக்கடையில் தள்ளுபடி, காணாமல்போன பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது எல்லாம் இருபத்தொரு வருஷமாக அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியும். ஒலிபரப்பு அறையின் முதலாளி சார்லஸ் அண்ணாச்சி போன வாரம், "உலகு, நீ ராஜபாளையம்னு சொன்னா எனக்குப் பாளையங்கோட்டைன்னு கேக்குதும்மா" என்றாராம். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டாள்.

டாக்டர் ஜெபராணி மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, டிவி பெட்டியில் காட்டினார். குரல் நாண் என்பது இரண்டு பட்டைகள். கவிழ்த்த 'V' மாதிரி நிற்கின்றன. இடப் பட்டையில் பாலாடை ஒட்டியதுபோல் ஒரு வெள்ளை. வலப் பட்டையில் அதைவிடச் சின்னதாக ஒன்று.

"இது இன்னும் புற்று இல்ல. பயப்படாதீங்க. ஆனா சும்மா விட்டா அந்தப் பக்கமாத் திரும்பலாம். எடுத்து, சோதிச்சுப் பாத்தாதான் எதையும் உறுதியாச் சொல்ல முடியும்."

பிறகு பேனாவை எடுத்தார். "பொயலை போடுவீங்களாம்மா? வீட்டுல யாரும் பீடி, சிகரெட்டு?"

"இல்ல டாக்டர்" என்றாள் உலகம்மை. நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். "பஸ் ஸ்டாண்டு புகைதான்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். டீசல் புகை அங்கே அதிகம்தான். நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். தெரு முக்குக் கடை வரைக்கும் போய்வந்தேன்.

பிப்ரவரி 7, புதன்

மாடித் தொட்டியைக் கழுவினேன். முக்குக் கடைக்கு இரண்டு தடவை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தென்காசியில் நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷமாக வரைவாளன் நான். ஒரு பொருளை அளவோடு வரைந்து பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். டாக்டர் கொடுத்த படத்தை வைத்துக் குரல் நாணை இருபது மடங்கு பெரிதாக்கி வரைந்தேன். பெண்களுக்கு அதன் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர் இருக்குமாம். அவளுடைய வெள்ளை மூன்று மில்லிமீட்டர். என் தாளில் ஆறு சென்டிமீட்டர் வந்தது. வரப்பு ஒரு அடி தப்பினாலே இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் சுபா கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ரிப்போர்ட்டை அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

"எப்பா, அம்மா என்னைக்காவது சிகரெட்டு குடிச்சிருக்காளா?"

"என்ன பேச்சு பேசுத?"

"வெத்தலை, பொயலை?"

"கிடையாது."

"அப்ப நம்ம வீட்டுக்குள்ள இருபத்தாறு வருஷமாக் குடிச்சது யாருப்பா?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

இரண்டாவது கருத்துக்காக மதுரை. அந்த டாக்டருக்கு லேசர்மேல் நம்பிக்கை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக நுண்ணோக்கியை நிறுத்தி, ஒளியால் படலத்தைச் சீவி எடுப்பாராம். ரத்தம் கசியாது, இடம் தெளிவாகத் தெரியும் என்றார். "சூடு படுமே, கீழே இருக்கிற பகுதி கருகாதா?" என்று கேட்டேன். "நீங்க டாக்டரா?" என்று சிரித்தார். பிறகு, "கொஞ்சம் படத்தான் செய்யும்" என்றார்.

வரும் வழியில் பஸ்ஸில் உலகம்மை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். திருமங்கலத்தில் டீக்கு நிறுத்தினார்கள். நான் மட்டும் இறங்கிப் போய்விட்டு வந்தேன்.

பிப்ரவரி 24, சனி

நாகர்கோவில். இங்கே மயக்கமே வேண்டாமாம். நாற்காலியில் உட்கார வைத்து, தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கு வழியாக நீல ஒளியை அனுப்புவார்கள். படலத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களை மட்டும் அது சுட்டுவிடும். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், திரும்ப வந்தால் திரும்பச் செய்யலாம். எனக்கு இது பிடித்தது. கத்தியே இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை முழுக்க ஒப்பீட்டுத் தாள் தயாரித்தேன். திருநெல்வேலியில் கத்தி, மதுரையில் லேசர், நாகர்கோவிலில் நீல ஒளி. மேலே கட்டம் கட்டி மயக்கம், சூடு, வடு, குரல், ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'திரும்ப வருமா' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் மட்டும் மூன்றுக்கும் ஒரே பதில். வரலாம்.

உலகம்மையிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்றாள். சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"எது நல்லதுன்னு நினைக்க?"

"எடுத்ததை முழுசாச் சோதிக்க எதுல முடியும்?"

"கத்தியில. மத்ததுல ஓரம் கருகிரும். நீல லைட்டுல துணுக்குதான் கிடைக்குமாம்."

"அப்ப கத்தி."

"நாகர்கோவில்ல அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம், உலகு."

"எனக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். கீரைத் தண்டுகளை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மார்ச் 12, செவ்வாய்

ஆபரேஷன். இடப்பக்கம் மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் அறுத்தால், ஆறும்போது முன்முனையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். வலப்பக்கம் பிறகு.

ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து, "இங்க சிகரெட்டு குடிக்கக் கூடாது சார், வெளிய போங்க" என்றார். வெளியே போனேன். திரும்பி வந்தபோது, டாக்டர் என்னைத் தேடிவிட்டு உள்ளே போய்விட்டதாக நர்ஸ் சொன்னாள். நல்லபடி முடிந்ததாம்.

ஏழு நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுவென்றும் பேசக்கூடாது.

மார்ச் 15, வெள்ளி

வீட்டில் நான் மட்டும் பேசுகிறேன். கேஸ் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை, எலி பைப் வழியாக வருகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். வேண்டியதை அலுவலகக் கழிவுத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுகிறாள். 'புளி கொஞ்சமாப் போடுங்க.' 'மோட்டார் அணைக்கல.'

மார்ச் 17, ஞாயிறு

முக்குக் கடையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு இருமல் வந்தது. இருமக்கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அடக்கினாள். தண்ணீர் கொடுக்கப் போனேன். கிட்டே வராதே என்று கையைக் காட்டினாள். தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

அடங்கிய பிறகு ஒரு தாளைக் கதவு வழியாக நீட்டினாள். 'சட்டைய மாத்திட்டு வாங்க.'

வேறு ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 22, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் செல்கள் நடுத்தர அளவுக்கு இயல்பு மாறியிருக்கின்றன. எடுத்த பகுதியின் ஓரம் சுத்தமாக இருக்கிறது. டாக்டர் ஜெபராணிக்குத் திருப்தி. ஆனாலும் பழைய பக்கத்தைப் புரட்டினார்.

"இவ்வளவு மாற்றத்துக்கு ஏதாவது காரணம் இருக்கணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுல புகை எதுவும் உண்டா?"

உலகம்மை என்னைப் பார்த்தாள். அன்று அவளுக்குப் பேச அனுமதி கிடைத்து மூன்றாம் நாள். அவள் பேசவில்லை. மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த தொண்டை ஒன்று இருந்தது. அதன் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். டாக்டர் அதை என் கையிலிருந்து வாங்கி நகர்த்தி வைத்தார்.

மார்ச் 27, புதன்

பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ்ஸுக்காக நின்றபோது ஒலிபெருக்கியில் உலகம்மையின் குரல் கேட்டது. போன தீபாவளிக்குப் பதிவு செய்த விளம்பரத்தைச் சார்லஸ் அண்ணாச்சி போட்டிருக்கிறார். கணீரென்று பட்டுச்சேலை வகைகளைச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததில் போனேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஆபீஸ் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி போனேன். பதினொன்றரை வரை காத்திருந்து டாக்டரைப் பார்த்தேன்.

"அன்னைக்குக் கேட்டீங்கல்லா மேடம். நான்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"பன்னெண்டு. சில நாள் பதினஞ்சு."

"வீட்டுக்குள்ளயா?"

"கல்யாணமானதுலருந்து. மழைன்னா கதவை, ஜன்னலைச் சாத்திக்கிட்டு."

அவர் அதை எழுதிக்கொண்டார்.

"இதனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அவங்களுக்கு நெஞ்செரிச்சல் இருக்கு, தொழிலும் தொண்டைத் தொழில். இதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க பெரிய தாள்ல கட்டம் போட்டு எடுத்துட்டு வந்தீங்களே, கத்தியா லேசரான்னு? வீட்டுல புகை நிக்கலைன்னா எதுல செஞ்சாலும் ஒண்ணுதான்."

"அவகிட்ட சொல்லணுமா?"

"அவங்களுக்குத் தெரியாதா?"

கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். உலகம்மை துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததாம். புகை இருக்கும் அறையில் இருக்கக்கூடாது என்று மருந்துச் சீட்டில் புதிதாக ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொன்னார்களாம்.

"டாக்டரம்மாட்ட போயிட்டு வாறீங்களோ?" குரல் பழைய கதவு திறப்பதுபோல் இருந்தது.

"முதல் நாளே ஏன் இல்லைன்னு சொன்ன?"

"சொல்லியிருந்தா நீங்க அந்த நாற்காலியிலேயே ஒடைஞ்சு போயிருப்பீங்க. உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்லா."

ஏப்ரல் 3, புதன்

விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆறு நாள் ஆயிற்று. ஒரு கிராமப் படத்தில் ஓடையை இரண்டு தடவை தப்பாக வரைந்தேன்.

ஏப்ரல் 10, புதன்

இன்று முடியவில்லை. முக்குக் கடைக்குப் போனேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மறுபடி நான்கு நாள் விட்டிருந்தேன். மறுபடி முடியவில்லை. மொட்டைமாடியில் நின்று குடித்தால் புகை வெளியே போய்விடும் என்று நினைத்திருந்தேன். இறங்கி வரும்போது உலகம்மை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அவள் திட்டியிருந்தால் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மே 7, செவ்வாய்

வலப்பக்கம். படலம் முன்முனைக்கு மிக அருகில் இருப்பதால் இந்த முறை லேசர்தான் கைக்கு வசதி என்று டாக்டர் சொன்னார். எங்களிடம் விளக்கிச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார். உலகம்மை போட்டாள். நானும் போட்டேன். ஒப்பீட்டுத் தாள் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

மே 20, திங்கள்

வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட மோசம். மூன்று படிகளில் மூன்றாம் படி, புற்றுக்கு முந்தைய படி. "எடுத்தாச்சு. இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ கேமரா வச்சுப் பாக்கணும். பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் டாக்டர்.

எத்தனை வருஷத்துக்கு என்று உலகம்மை கேட்டாள். அவள் கேட்டது டாக்டருக்குக் கேட்கவில்லை. நான்தான் திருப்பிச் சொன்னேன். அஞ்சு வருஷமாவது என்றார்.

மே 29, புதன்

சார்லஸ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பழங்கள் கொண்டுவந்தார். புதிதாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறாராம். "உனக்குச் சரியானதும் சொல்லும்மா" என்றார். உலகம்மை சிரித்தாள். அவர் போன பிறகு பழங்களைக் கழுவித் துடைத்து ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் அடுக்கினாள். வெகுநேரம் அடுக்கினாள்.

ஜூன் 2, ஞாயிறு

சுபா வந்திருக்கிறாள். ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள். என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"எப்பா, உங்களால விட முடியுமா, முடியாதா? நான் கோவப்படல. கேக்குதேன்."

"முயற்சி பண்ணுதேன் தாயி."

"முயற்சி பண்ணுற வரைக்கும் அம்மா இதே வீட்டுல மூச்சு விடணுமா?"

உள்ளே உலகம்மை நின்றுகொண்டிருந்தாள். மறுத்துச் சொல்வாள் என்று பார்த்தேன்.

ஜூன் 3, திங்கள்

தென்காசியில் அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு அறை பிடித்தேன். நான்கு சட்டை, ஒரு போர்வை, பிளாஸ்க். கிளம்பும்போது உலகம்மை ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் வைத்தாள். "விட்டுட்டு வந்துருங்க" என்றாள். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜூன் 19, புதன்

பன்னிரண்டிலிருந்து நான்கு. அரசு மருத்துவமனையில் ஆலோசனைக்கு வாரம் ஒரு நாள் போகிறேன். சிகரெட் ஆசையை அடக்க, தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 6, சனி

ஒன்று.

ஜூலை 15, திங்கள்

ஐந்து நாளாக ஒன்றும் இல்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. முன்பும் ஆறு நாள் இருந்திருக்கிறேன்.

உலகம்மைக்கு நாளை பரிசோதனை. லீவு கேட்டேன். தாசில்தார் ஆய்வு இருப்பதால் கிடைக்கவில்லை. சுபா கூடப் போகிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

மூன்று மணிக்கு உலகம்மையே போன் செய்தாள். வழக்கமாக எழுதித்தான் அனுப்புவாள். அலுவலகத்தில் ஒரே இரைச்சல். ஆய்வுக்கு வந்தவர்கள் பீரோக்களை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவுக்கு ஓடினேன். காதை அழுத்திக்கொண்டும் பார்த்தேன். காற்று மட்டும் வந்தது. ஏதோ நீளமாகச் சொன்னாள். 'என்ன?' என்று ஒருமுறை கேட்டேன். மறுபடி சொன்னாள், இன்னும் கஷ்டப்பட்டு. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு மூன்றாம் தடவை சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. குரல் பதற்றமாக இல்லை. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"சரி, சரி உலகு. நல்லது. ரொம்ப நல்லது" என்றேன்.

கொஞ்ச நேரம் லைனில் இருந்தாள். பிறகு வைத்துவிட்டாள்.

ஜூலை 17, புதன்

காலை ஆறரைக்குச் சுபா கூப்பிட்டாள். எடுத்ததும் அழுதாள்.

"எப்பா, நீங்க மனுசன்தானா?"

"என்னட்டி? அம்மாவுக்கு என்ன?"

"நேத்து அவ சொன்னதுக்கு நல்லதுன்னீங்களாமே? ரொம்ப நல்லதுன்னீங்களாமே? அதுலருந்து அவ ஒரு வாய் சாப்பிடல."

"அவ என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கலைம்மா. சத்தியமாக் கேக்கல."

மறுமுனையில் அவள் அழுகை நின்றது. "நீங்களே வந்து கேட்டுக்கிடுங்க" என்றாள். அவளும் சொல்லவில்லை.

ஆய்வு, லீவு எதையும் நினைக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனேன். உலகம்மை கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் துவைப்பதை நிறுத்தவில்லை.

"உலகு, போன்ல எனக்கு ஒண்ணும் கேக்கல. திரும்பத் திரும்பக் கேட்டா உனக்குத் தொண்டை வலிக்குமேன்னு சும்மா சரின்னு சொல்லிட்டேன். நல்ல சேதின்னு நினைச்சுட்டேன்."

சேலையைக் கல்லில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதி அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் தோளைப் பிடித்து, எட்டி, வாயை என் காதோடு வைத்தாள். சோப்பு வாடை. அவள் மூச்சு காதுக்குள் சூடாக இருந்தது.

"இடப்பக்கம் திரும்ப வந்திருக்குங்க. இந்தத் தடவ அதிகமாம். எனக்குப் பயமா இருக்கு. வீட்டுக்கு வந்துருங்க."

நான் அசையவில்லை. அவளும் வாயை எடுக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.